வண்டியை நிறுத்தி வைத்தாலே பேட்டரி டவுன்: கேமராவா, ஸ்டீரியோவா, யார் குடிக்கிறார்கள்?

கேள்வி, 9 பிப்ரவரி 2024

2016 மாடல் பெட்ரோல் கார், 35 ஏஎச் பேட்டரி. தினமும் ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று நாள் நிறுத்தினால் நாலாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்காது, டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. நவம்பரில் டேஷ் கேமரா, புது ஸ்டீரியோ, டிக்கிக் கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங், சீட் கவர் எல்லாம் ஒரே கடையில் போட்டேன். அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை. கேமராதான் கரன்ட்டைக் குடிக்கிறது, கழற்றி எறியுங்கள் என்கிறார் மெக்கானிக். எறிந்துவிடலாமா? இப்போதைக்கு ராத்திரி ராத்திரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்கிறேன்.

பதில், 9 பிப்ரவரி, இரவு 10.15

கேமராவை எறிய வேண்டாம். அதற்குக் கரன்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

சாவியை எடுத்து, வண்டியைப் பூட்டி, ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள். கேமராவில் சின்ன விளக்கு எரிந்தால், சாவி எடுத்தாலும் உயிரோடு இருக்கும் லைனில் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேமரா சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருந்தால் வண்டியைப் பொறுத்தது. சில வண்டிகளில் சாவியோடு சாக்கெட்டும் செத்துவிடும். சில வண்டிகளில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். போன் சார்ஜரைச் செருகினால் பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

கணக்கு சுலபம். டேஷ் கேமரா ஓடும்போது 3 முதல் 5 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 250 முதல் 400 மில்லி ஆம்பியர். 300 என்று, அதாவது 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 ஏஎச் என்பது ஒரு ஆம்பியரை 35 மணி நேரம் தரும் கொள்ளளவு. 35ஐ 0.3ஆல் வகுக்க 116 மணி நேரம், கிட்டத்தட்ட ஐந்து நாள். உங்களுக்கு மூன்று நாளிலேயே போகிறது என்றால் அதைவிட அதிகமாக ஏதோ குடிக்கிறது.

பூட்டி வைத்த வண்டி கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், ரிமோட் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லி ஆம்பியர். 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். என் வண்டியில் 20தான் இருக்கும். போட்டதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்துப் போட்டது.

10 பிப்ரவரி, காலை 7.05

நெகட்டிவ் வயரைக் கழற்றுவது பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. நீங்கள் செய்வது சரியான வயர்தான். முதலில் பாசிட்டிவைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். பாடி முழுக்க நெகட்டிவ் அல்லவா. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஆனால் தினமும் இதைச் செய்தால் ஈயக் கிளாம்ப் தேய்ந்து லூசாகும். அப்புறம் லூஸ் கனெக்‌ஷனால் செல்ஃப் எடுக்காமல் போய், அதையும் கேமரா தலையில் கட்டுவீர்கள். கடிகாரம் திரும்பத் திரும்ப 12.00 காட்டும். ஒரே அழுத்தலில் ஏறும் ஜன்னல் அதை மறந்துபோகும். அலாரம் இருந்தால் அதுவும் தூங்கும். திருகு குமிழ் வைத்த கட்-ஆஃப் சுவிட்ச் கிடைக்கிறது, நெகட்டிவ் டெர்மினலில் பூட்டிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்களுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு ஓட்டையை அடைக்காமல் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்த கதைதான்.

10 பிப்ரவரி, மாலை 6.30

எப்படி அளப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து.

ஒரு மல்டிமீட்டர் வேண்டும், விலை குறைந்தது போதும். சிவப்பு புரோபை 10 ஆம்பியர் என்று எழுதிய ஓட்டைக்கு மாற்றுங்கள். அதை மறந்து மில்லி ஆம்பியர் ஓட்டையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போகும். நான் இரண்டு ஃபியூஸ் போக்கியிருக்கிறேன். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் மீட்டரைக் கோக்க வேண்டும். வண்டிக்குப் போகிற கரன்ட் எல்லாம் மீட்டர் வழியாகப் போகும்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். மாட்டியவுடன் 1 ஆம்பியர், 2 ஆம்பியர் காட்டும், ஐயோ என்று அலறக் கூடாது. கதவைத் திறந்ததால் வண்டி விழித்திருக்கிறது. எல்லாவற்றையும் மூடி, பூட்டி, இருபது முதல் நாற்பது நிமிடம் விட வேண்டும். வண்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும், எண் படிப்படியாக இறங்கும். கடைசியில் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மையான எண்.

அப்புறம் ஃபியூஸ் பெட்டிக்குக் கை போக வேண்டும், கதவைத் திறந்தால் வண்டி மறுபடி விழிக்கும். அதனால் முன்கூட்டியே டிரைவர் கதவைத் திறந்து வைத்து, கதவின் லாக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியது போல் ஏமாற்றிவிடுங்கள். பானட்டுக்குச் சுவிட்ச் இருந்தால் அதையும். சாவி உங்கள் பாக்கெட்டில் வேண்டாம், வீட்டுக்குள் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி சிலது சாவி பக்கத்தில் இருந்தாலே தூங்காது.

மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் வயர் நூல் மாதிரி.

நாளை ஞாயிறு. என் வண்டியிலேயே அளந்து எண்ணைப் போடுகிறேன்.

11 பிப்ரவரி, பகல் 12.40

290.

இரண்டு தடவை அளந்தேன். 290 மில்லி ஆம்பியர்.

11 பிப்ரவரி, மாலை 4.00

சிரித்து முடித்தவர்களுக்கு மட்டும் மேலே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் தூண்களுக்கு நடுவே பார்க்கிங், மதியத்திலும் டார்ச் வேண்டும். மீட்டரை மாட்டி அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். 1.9 ஆம்பியரில் தொடங்கி, 0.8, 0.5 என்று இறங்கி, 0.34இல் வந்து கொஞ்சம் தயங்கியது. இன்னும் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, வண்டி பூட்டலையே!" என்று உதவி செய்தாள். ரிமோட்டை அழுத்திவிட்டாள். நாலு கதவும் டப் என்று பூட்டின, மீட்டர் 5க்கு மேல் குதித்தது, தூங்கப் போன அத்தனை பெட்டியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து அரை மணி நேரம். 290இல் நின்றது, அதற்குக் கீழே ஒரு புள்ளிகூட வரவில்லை.

ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன். வைப்பர், ஒன்றும் இல்லை. ஹார்ன், ஒன்றும் இல்லை. ஸ்டீரியோவின் 15 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கினதும் 290 நேரே 65க்கு வந்தது.

ஸ்டீரியோவை நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். திரை கறுப்பு, விளக்கு எதுவும் இல்லை. பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கிறது. உள்ளே முழித்துக்கொண்டு 225 மில்லி ஆம்பியர் சாப்பிடுகிறது.

12 பிப்ரவரி, இரவு 9.50

ஆபீஸ் விட்டு வந்து ஸ்டீரியோவை வெளியே இழுத்தேன். சந்தேகப்பட்டதேதான்.

இந்தக் காலத்து ஸ்டீரியோ எதை எடுத்தாலும் பின்னால் வயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கறுப்பு எர்த். மஞ்சள் நேரே பேட்டரி, எப்போதும் கரன்ட், ஸ்டேஷன்களையும் நேரத்தையும் நினைவில் வைக்க. சிவப்பு சாவியைப் பார்க்கும் வயர். சாவி முதல் திருகலில் வந்ததும் அதில் 12 வோல்ட் வரும், சாவி எடுத்தால் போய்விடும். சிவப்பில் கரன்ட் இல்லை என்றால்தான் ஸ்டீரியோ உண்மையாகத் தூங்கும். மஞ்சளில் சில மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

என் வண்டியில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப்பின் பசை உருகி விரலெல்லாம் கறுப்பு. வண்டியிலிருந்து வரும் சாவி வயர் தனியாக மடித்து, நுனியில் டேப் போட்டு, அனாதையாகக் கிடந்தது. ஸ்டீரியோவைப் பொறுத்தவரை ஆறு வருடமாகச் சாவி திருகியபடியே இருக்கிறது.

2018இல் போட்ட கடை. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு வயரைச் சரியான இடத்தில் கோக்க முடியாதா? பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று வேறு முதல் நாள் பீற்றிக்கொண்டேன். என்னத்தைப் பார்த்தேன், டீ குடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

13 பிப்ரவரி, காலை 6.45

நேற்று கடையைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

ராத்திரி வீட்டில் இதைச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "நீங்கதானே சாவி எடுத்தாலும் பாட்டு ஓடணும்னு சொன்னீங்க?"

நான்தான். 2018இல் அப்பாவுக்கு முழங்கால் வலி. காஞ்சிபுரம் போனால் நாங்கள் கோயிலுக்குள் போவோம், அவர் காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். சாவியை நான் எடுத்துப் போய்விடுவேன், பாட்டு நின்றுவிடும், திரும்பி வந்தால் முகம் தூக்கி வைத்திருப்பார். அதற்காகக் கடையில், "தம்பி, சாவி இல்லாட்டியும் பாடணும், ஏதாவது பண்ணு" என்றேன். அந்தப் பையன் ஒரு தடவை தயங்கி, "அண்ணா, பேட்டரி இறங்கும்" என்றான். அது இப்போது தெளிவாக ஞாபகம் வருகிறது. "ஒண்ணும் ஆகாது, பண்ணு" என்றதும் ஞாபகம் வருகிறது.

அந்தப் பையன் இதைப் படித்தால், மன்னிச்சுக்கப்பா.

13 பிப்ரவரி, இரவு 11.10

தூக்கம் வரவில்லை, பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். 2014இல் வண்டியோடு வந்த பேட்டரி நாலு வருடம் உழைத்தது. ஸ்டீரியோ போட்ட வருடம் புதுசு மாற்றினேன். அது 2020இல் போனது. அடுத்தது 2022. இரண்டு வருடத்துக்கு ஒன்று. இத்தனை நாளும் சென்னை வெயில் பேட்டரியைத் தின்கிறது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். வெயில் பேட்டரிக்கு ஆகாது என்பது உண்மை, குளிரைவிடச் சூடுதான் அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கும். ஆனால் அதே வெயிலில்தான் முதல் பேட்டரி நாலு வருடம் இருந்தது.

நடந்தது இதுதான். நான் தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறேன், போக ஒரு மணி, வர ஒரு மணி. ராத்திரி பதினாலு மணி நேரத்தில் 4 ஏஎச் இறங்கும், பகலில் ஓரளவு ஏறும். முழுசாக நிரம்பவே நிரம்பாது. கார் பேட்டரி முழுசாக இருந்தே பழக்கப்பட்ட ஜாதி. ஒரு நொடி பெரிய கரன்ட் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்ள வேண்டும். அரைகுறையாகவே கிடந்தால் தட்டுகளில் லெட் சல்பேட் படிந்து கெட்டிப்படும், அப்புறம் கரையாது, கொள்ளளவு குறையும். தினமும் ஓட்டுகிறவனுக்கு லீக் இருப்பதே தெரியாது. பேட்டரிக் கடைக்காரர் மட்டும் சந்தோஷமாக இருப்பார்.

15 பிப்ரவரி, இரவு 8.20

இரண்டு திருத்தம்.

ஒன்று, முதல் நாள் நான் போட்ட ஐந்து நாள் கணக்கு தப்பு. 35 ஏஎச்சும் காலியாகும் வரை வண்டி ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்காது. பாதி இறங்கினாலே செல்ஃப் திணறும், பழைய பேட்டரி என்றால் அதற்கும் முன்னாலேயே. அதனால் பாதியை வைத்துத்தான் வகுக்க வேண்டும். 17.5ஐ 0.3ஆல் வகுத்தால் 58 மணி நேரம், இரண்டரை நாள். 50 மில்லி ஆம்பியர் என்றால் பதினாலு நாள்.

இரண்டு, ஸ்டீரியோவைச் சரி செய்துவிட்டேன். சிவப்பை மஞ்சளிலிருந்து பிரித்து அனாதை வயரில் சேர்த்தேன். முறுக்கி டேப் சுற்றாமல், நசுக்கிப் பூட்டும் கிரிம்ப் போட்டேன். அளந்தால் 69. அதுவும் அதிகம். மறுபடி ஃபியூஸ் வேட்டை. கடைசியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவினபோது கையில் சுடச்சுட ஒன்று பட்டது. நூற்றுச் சொச்சம் கொடுத்து ஆசைக்கு வாங்கிய ப்ளூடூத் ஓபிடி டாங்கிள். போனில் இன்ஜின் சூடு பார்க்கலாம் என்று வாங்கி, இரண்டு தடவை பார்த்து, மறந்தேபோன சாமான். ஓபிடி சாக்கெட்டில், அதாவது மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடத்தில், சாவி இல்லாமலும் பேட்டரி கரன்ட் இருக்கும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பிடுங்கினேன். 24.

20 இருக்கும் என்றேன், 24 வந்திருக்கிறது. கிட்டத்தட்ட சொன்னபடிதான்!

16 பிப்ரவரி, மதியம் 1.30

சாப்பாட்டு வேளையில் சில பதில்கள்.

ஃபாஸ்டேக் பேட்டரியைக் குடிக்குமா? குடிக்காது. அதற்கும் வண்டிக்கும் வயரே கிடையாது. உள்ளே பேட்டரியும் கிடையாது. சுங்கச்சாவடி ரீடரின் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய துளி சக்தியை எடுத்துக்கொள்ளும். அது குடிப்பது உங்கள் வங்கிக் கணக்கை.

சப்வூஃபர் போட்டவர் கவனிக்க வேண்டிய வயர்: ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் நீலம் வெள்ளை. ஆம்பை எழுப்புவதும் தூங்கவைப்பதும் அதுதான். அதை நேரே பேட்டரியில் கோத்துவிட்டால் பாட்டு இல்லாவிட்டாலும் ஆம்ப் முழித்திருக்கும். வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து ஆம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மாட்டிக்கொண்டது.

போன் சார்ஜர் சும்மா செருகியிருந்தால்? நீல விளக்கோடு 10, 20 மில்லி ஆம்பியர். தனியாக அது வண்டியைக் கொல்லாது. ஆனால் டாங்கிள், டிராக்கர், சார்ஜர் என்று நாலு பேர் சேர்ந்தால் கூட்டுக் குடும்பம்தான்.

17 பிப்ரவரி, இரவு 10.00

ஊரடங்குக் காலத்தை ஒருவர் ஞாபகப்படுத்தினார். 2020 மார்ச் 25 தொடங்கி எல்லா வண்டியும் நின்றதே, அப்போது வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்று எல்லாரும் சொன்னோமே, அது சரியா என்கிறார்.

நானும் சொன்னேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அது வேறு கதை, அதாவது இப்போது தெரிகிறது அது இதே கதைதான். ஆனால் லீக் இல்லாத வண்டிக்கும் பத்து நிமிட ஐடிலிங் பெரிதாக உதவாது. ஐடிலில், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட் குறைவு, அதில் ஏசியும் ஃபேனும் விளக்கும் பங்கு கேட்கும். இறங்கின பேட்டரி நிரம்ப மணிக்கணக்கு ஆகும். முக்கால் மணி நேரம் வெளியே ஓட்டிவிட்டு வருவது மேல். நாலு ஆம்பியர் சார்ஜர் வாங்கி ராத்திரி முழுக்கப் போடுவது அதைவிட மேல். ஓட்டவே போவதில்லை என்றால் நெகட்டிவைக் கழற்றி வைப்பது எல்லாவற்றையும்விட மலிவு.

டேஷ்போர்டில் வைக்கும் சோலார் தகடு? வெயிலில் நிற்கும் வண்டிக்குச் சின்னத் தகடும் உதவும். ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதை லைட்டர் சாக்கெட்டில் செருகச் சொல்வார்கள். சாவியோடு சாகும் சாக்கெட் என்றால் வெளியே போகாத கரன்ட் உள்ளேயும் வராது. நேரே பேட்டரியில் கிளிப் போட வேண்டும். என் பார்க்கிங்கில் வெயிலே கிடையாது, டார்ச் அடித்துத்தான் சார்ஜ் பண்ண வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதையும் கேட்டிருக்கிறார்கள். கியர் வண்டி என்றால் இரண்டாம் கியரில் போட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விடலாம். பேட்டரி அடியோடு செத்திருந்தால் அதுவும் நடக்காது, இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் எழக் கொஞ்சமாவது வோல்ட் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளினால் தள்ளுகிறவருக்கு உடற்பயிற்சி.

ஜம்பர் கேபிளில் கடைசிக் கறுப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் முனையில் போடாதீர்கள், இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், பொறி அதன் பக்கத்தில் வேண்டாம்.

18 பிப்ரவரி, மாலை 5.15

கேள்வி கேட்டவர் ஒருவழியாக மீட்டர் வாங்கி அளந்துவிட்டார். 410 மில்லி ஆம்பியர். கேமரா சாக்கெட்டில்தான் இருக்கிறது, சாக்கெட் சாவியோடு சாகிறது. ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கினால் 405. ஆக இரண்டு பேருமே நிரபராதி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், அவருடைய கடையிலும் சிவப்பு மஞ்சள் கல்யாணம் நடந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

410ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான 25ஐக் கழித்தால் 385. அதை 12.5 வோல்ட்டால் பெருக்கினால் 4.8 வாட். கிட்டத்தட்ட 5 வாட். வண்டியில் 5 வாட் என்று எதில் எழுதியிருக்கும்?

பல்பில். டிக்கியில் இருக்கிறதே, மாத்திரை மாதிரி இரண்டு முனையிலும் தொப்பி வைத்த கண்ணாடிப் பல்பு, அதில். சில வண்டிகளில் அரை மணி நேரத்தில் உள்விளக்குகளைத் தானாக வெட்டிவிடும் ஏற்பாடு உண்டு, பல வண்டிகளில் கிடையாது.

போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மூடினதும் படம் இருட்ட வேண்டும்.

18 பிப்ரவரி, இரவு 9.40

இருட்டவில்லை!

ஸ்டெப்னி மூடி, மடித்த குடை, ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர், எல்லாம் பளிச்சென்று தெரிகிற ஒரு நிமிட வீடியோவை அனுப்பியிருக்கிறார். விளக்கின் பிளாஸ்டிக் மூடி நடுவில் பழுப்பேறி லேசாக வளைந்திருக்கிறதாம், மூன்று மாதம் எரிந்த சூடு.

20 பிப்ரவரி, இரவு 8.05

பீடிங்!

அந்த ரப்பர் பீடிங். முதல் நாளே பட்டியலில் எழுதியிருந்தார், நான் கேமராவையும் ஸ்டீரியோவையும் மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். வயர் இல்லாத சாமான் கரன்ட் குடிக்காது என்று நினைப்பு. தடிமனான பீடிங் டிக்கிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டதால் லாக் முதல் கொக்கியில் மட்டும் மாட்டியிருக்கிறது. கதவு மூடின மாதிரி இருக்கும், சுவிட்ச் மட்டும் இன்னும் திறந்திருப்பதாக நினைக்கும். மீட்டர் பலகையில் கதவுப் படம் எப்போதாவது எரிவது உண்டாம், சென்சார் கோளாறு என்று விட்டுவிட்டாராம். எரிகிற விளக்கை நம்பாமல் மெக்கானிக்கை நம்பினால் இப்படித்தான்.

லாக் பக்கத்தில் ஒரு சாண் பீடிங்கை வெட்டி எடுத்துவிட்டார். பல்பையும் எல்இடியாக மாற்றிவிட்டார், இனி மறந்தாலும் பத்தில் ஒரு பங்குதான் போகும். இப்போது 26.

410இல் மூன்று நாள் போட்டுப் பாருங்கள்: 29.5 ஏஎச். 35இல் மீதி ஐந்தரை. நாலாம் நாள் டக் டக் என்றாவது சத்தம் வந்ததே பெரிய விஷயம்.

24 பிப்ரவரி, இரவு 10.30

நிறுத்தும்போதும் கேமரா ஓட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, அதாவது எதிர்வீட்டு ஸ்கூட்டர்மேல் சந்தேகம் உள்ளவர்களுக்கு.

மூன்று வயர் கிட் வரும், நிறங்கள் ஸ்டீரியோ மாதிரியேதான். மஞ்சள் எப்போதும் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி லைனுக்கு, கறுப்பு பாடிக்கு. ஃபியூஸ் பெட்டியில் செருகி அங்கிருந்தே லைன் எடுக்கும் ஃபியூஸ் டேப் (சுற்றுகிற டேப் அல்ல) தனியாகக் கிடைக்கும், சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போனால் எந்த அளவும் வாங்கலாம். வயரை உரித்து நடுவில் முறுக்கும் வேலையே வேண்டாம். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிட்டில் வோல்ட் இறங்கினால் தானாக வெட்டும் அமைப்பு இருக்கும். அதில் என்ன எண் வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். 11.6இல் வெட்டும்படி வைப்பது பானை காலியானதும் குழாயை மூடுவதற்குச் சமம். 12.2க்குக் கீழே போக விடாதீர்கள். பழைய பேட்டரி என்றால் 12.4.

இன்னொன்று. ஃபியூஸைப் பிடுங்காமலே வேட்டையாட ஒரு வழி, நேற்றுதான் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டு புள்ளியையும் தொடுங்கள். சுழியம் என்றால் அதில் கரன்ட் ஓடவில்லை. 0.1, 0.2 என்று ஏதாவது அசைந்தால் அந்த லைனில் யாரோ முழித்திருக்கிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கின பெட்டி எழுந்துவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை இடுப்புவலி மிச்சமாகியிருக்கும்.

10 மார்ச், காலை 9.20

பதினோரு நாள் திருநெல்வேலி, ரயிலில் போய் வந்தோம். வண்டி அசையாமல் அதே இருட்டில் நின்றது. நெகட்டிவை வேண்டுமென்றே கழற்றவில்லை.

காலையில் பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தேன். 12.48. கணக்குப்படி 24 மில்லி ஆம்பியரில் 264 மணி நேரம், 6.3 ஏஎச் போயிருக்க வேண்டும், அதற்குச் சரியாக இருக்கிறது. முதல் திருகலில் எடுத்தது. மனைவி மாடியிலிருந்து என்ன என்று சைகையில் கேட்டாள், கட்டை விரலைக் காட்டினேன். அவளுக்கு இதில் இத்தனை நாள் என்ன இருந்தது என்று இன்னும் புரியவில்லை.

10 மார்ச், இரவு 9.00

சாயங்காலம் எல்லாரும் குன்றத்தூர் போனோம். அப்பா வழக்கம்போல் படி ஏறவில்லை, காரில் உட்கார்ந்துகொண்டார். சாவியை எடுத்தேன், பாட்டு நின்றது. ஆறு வருடமாகப் பாடிய பெட்டி. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். டேஷ்போர்டுக்குள்ளிருந்து சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து மடியில் வைத்தேன். "வண்டி பேட்டரி வேண்டாம்பா, இதுக்குள்ளயே பேட்டரி இருக்கு, உங்க போன்ல போட்டுக்கங்க."

திரும்பி வந்தால் முகம் தூக்கி வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை.